செருப்பு நழுவுவது தெரிகிறதா? – சயாட்டிகா வலியும் பாதமும்

இடுப்பில் தொடங்கிக் காலுக்கு இறங்கும் வலியோடு வருவோரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று பலரை வியப்படையச் செய்கிறது. "நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறதா? விழுந்தால் உடனே தெரிகிறதா?" முதுகைக் காட்ட வந்தவரிடம் செருப்பைப் பற்றி எதற்கு விசாரணை என்று உடன் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கேள்வி எங்கள் வழக்கத்தில் நிலைத்துவிட்டதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரத்தில் பணிபுரியும் ஒருவர் எங்களிடம் வந்தார். அவரை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம். ஐம்பது வயதை நெருங்கியவர். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கும்போது இடுப்பில் 'சுரீர்' என்று பிடித்ததாகவும், அன்று முதல் வலது பிட்டத்திலிருந்து கணுக்கால் வரை மின்சாரம் பாய்வது போல் வலிப்பதாகவும் கூறினார். பரிசோதித்தோம். பாதத்தின் வலிமை குறையவில்லை. மருந்தும் எளிய பயிற்சிகளும் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னோம். அவர் வரவில்லை. ஐந்தாவது வாரத்தில் அவருடைய மனைவி அவரை அழைத்து வந்தார்.

"வலி போயிடுச்சுன்னு இவரு சந்தோஷமா இருக்காரு டாக்டர். ஆனா நடக்கும்போது வலது கால்ல மட்டும் தட்டு தட்டுன்னு சத்தம் கேக்குது. நேத்து மார்க்கெட்ல செருப்பு கழண்டு விழுந்திடுச்சு. பத்தடி போனப்புறம் நான் சொல்லித்தான் திரும்பிப் பார்த்தாரு" என்றார் அந்த அம்மையார்.

அவருடைய வலது காலின் பெருவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொல்லி, அதன்மீது எங்கள் ஒரு விரலை மட்டும் வைத்து அழுத்தினோம். எதிர்ப்பே இல்லாமல் பெருவிரல் கீழே போயிற்று. குதிகாலால் நடக்கச் சொன்னபோது இடது பாதம் நிமிர்ந்து நின்றது. வலது பாதம் தரையைவிட்டு எழவில்லை. வலி குறைந்திருந்த அதே நாட்களில் நரம்பு செயலிழந்துகொண்டிருந்திருக்கிறது.

இதில் எங்கள் பங்கும் உண்டு. முதல் வருகையின்போது "வலி கூடினால் உடனே வாருங்கள்" என்று சொல்லியிருந்தோம். "வலியே இல்லாவிட்டாலும், பாதம் வலுவிழந்தால் உடனே வாருங்கள்" என்று சொல்லத் தவறிவிட்டோம். அன்று சொல்லாமல் விட்டதைச் சற்று விரிவாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதுகில் பழுது, பாதத்தில் அறிகுறி

சயாட்டிக் நரம்பு மனித உடலிலேயே மிகவும் தடித்த நரம்பு. பிட்டத்தின் ஆழத்தில் அது ஏறத்தாழ ஒரு விரல் பருமன் இருக்கும். கீழ்முதுகில் எல்-4, எல்-5 எனக் குறிக்கப்படும் இரண்டு நரம்பு வேர்களும், அவற்றுக்குக் கீழே எஸ்-1, எஸ்-2, எஸ்-3 எனும் மூன்று வேர்களும் சேர்ந்து இந்த நரம்பை உருவாக்குகின்றன. பிட்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கும் இது, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முழங்காலின் வெளிப்புறம் துருத்தி நிற்கும் சிற்றெலும்பைச் சுற்றிக்கொண்டு முன்னங்காலுக்கும் புறங்காலுக்கும் செல்கிறது. மற்றொன்று கெண்டைக்கால் வழியாகக் கணுக்காலின் உட்புறத்தைக் கடந்து உள்ளங்காலை அடைகிறது.

பாதத்தை மேலே தூக்கும் தசை, கீழே அழுத்தும் தசை, விரல்களை மடக்கும் தசை, விரிக்கும் தசை என அனைத்துக்கும் கட்டளை வருவது இந்த ஒரு நரம்பின் வழியாகத்தான். கால் உணர்ச்சியும் அவ்வாறே. கணுக்காலின் உட்புறமும் பாதத்தின் உள்ளோரத்தில் ஒரு சிறு பகுதியும் மட்டும் வேறொரு நரம்பைச் சார்ந்தவை. ஆகவே முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு, மக்கள் வழக்கில் 'டிஸ்க்', பிதுங்கி ஒரு வேரை அழுத்தும்போது, பழுது இருக்கும் இடத்தைவிட அந்த வேர் சென்று முடியும் இடத்திலேயே தொல்லை மிகுதியாக உணரப்படுகிறது. கால் வலி கடுமையாக இருந்தும் முதுகில் வலியே இல்லாத நோயாளிகளை நாங்கள் வாரந்தோறும் காண்கிறோம். "முதுகுல ஒண்ணும் இல்லீங்க, கால்லதான் பிரச்சனை, முதுகுக்கு ஏன் ஸ்கேன்?" என்று அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வியே.

தட்டுப் பிதுக்கங்களில் பெரும்பாலானவை கீழ்முதுகின் கடைசி இரண்டு தட்டுகளில்தான் ஏற்படுகின்றன. அதனால் பாதிக்கப்படுபவை பெரும்பாலும் எல்-5, எஸ்-1 ஆகிய இரண்டு வேர்கள். இவ்விரண்டும் பாதத்தில் வெவ்வேறு கையெழுத்து இடுகின்றன. எல்-5 வேர் அழுத்தப்பட்டால் முன்னங்காலின் வெளிப்புறமும் புறங்காலும் பெருவிரலும் மரத்துப்போகும். பெருவிரலைத் தூக்குவது கடினமாகும். முற்றினால் பாதமே தொங்கிப்போகும். எஸ்-1 வேர் அழுத்தப்பட்டால் குதிகால், பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரல் ஆகியவை மரக்கும். நுனிக்காலில் எம்பி நிற்க முடியாது. பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க எம்பும்போது ஒரு கால் மட்டும் ஒத்துழைக்கவில்லை என்று சில தாய்மார்கள் கூறுவதுண்டு. அது எஸ்-1 வேரின் புகார். கெண்டைக்கால் தசை மிக வலிமையானது என்பதால், படுக்கையில் படுக்க வைத்துக் கையால் அழுத்திப் பார்க்கும்போது அதன் தளர்ச்சி மருத்துவருக்கே புலப்படாமல் போகலாம். ஒற்றைக் காலில் பலமுறை எம்பச் சொன்னால்தான் வெளிப்படும்.

வலி குறைவது எப்போது நல்ல செய்தி?

பிதுங்கிய தட்டிலிருந்து கசியும் பொருள் நரம்பு வேரைச் சுற்றி அழற்சியை உண்டாக்குகிறது. அழன்ற வேர் வலியைக் கூவி அறிவிக்கிறது. பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அழற்சி தணிந்து வலி பெருமளவு குறைகிறது. பிதுங்கிய துண்டையே உடல் காலப்போக்கில் கரைத்துச் சுருக்கிவிடுவதும் உண்டு. பெரிய துண்டுகளே மிகுதியாகச் சுருங்குகின்றன என்பது பலருக்கு நம்பக் கடினமான, ஆனால் ஆறுதலான உண்மை. ஆகவே வலி குறைந்தால் அது பெரும்பாலும் நல்ல செய்திதான்.

ஆனால் வேறொரு விதமாகவும் வலி குறையலாம். அழுத்தம் கூடிக்கொண்டே போய், நரம்பு இழைகள் செய்தி கடத்தும் திறனையே இழக்கும்போது, வலியைச் சொல்லும் இழைகளும் மௌனமாகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பாதம். வலி குறையும்போது பாதத்தின் வலிமை அப்படியே இருந்தால், அல்லது கூடினால், மகிழலாம். வலி குறையும்போது மரப்பு பரவினால், பாதம் தளர்ந்தால், அது குணமாதல் ஆகாது.

இதனை வீட்டிலேயே, வாரம் இருமுறை, சில நிமிடங்களில் பார்த்துக்கொள்ளலாம். நோயாளி சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். முதலில் குதிகால்களில் நான்கு எட்டு. பிறகு நுனிக்காலில் நான்கு எட்டு. பின்னர் நாற்காலியில் அமர்ந்து இரு பெருவிரல்களையும் மேலே தூக்க, உடனிருப்பவர் இரண்டையும் ஒரே நேரத்தில் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு காலை மறு காலோடு ஒப்பிடுவதே இதில் முக்கியம். கடைசியாகக் கண்களை மூடச் சொல்லி, ஒரு பஞ்சுத் துணுக்கால் புறங்காலையும் பாதத்தின் வெளியோரத்தையும் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். தேதியிட்டு ஒரு தாளில் குறித்து வைத்தால் எங்களுக்குப் பேருதவி. முன்பே தள்ளாட்டம் உள்ள முதியோர் இந்த நடைச் சோதனைகளை வீட்டில் செய்ய வேண்டாம்.

அந்த லேத் தொழிலாளிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில், பிதுங்கிய துண்டு எல்-5 வேரை நசுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. பாதத்தின் தளர்ச்சி நாளுக்கு நாள் கூடியதால் அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைத்தோம். கடுமையான தளர்ச்சியும், கூடிக்கொண்டே போகும் தளர்ச்சியும் காத்திருக்கத் தக்கவை அல்ல என்பதே எங்கள் கருத்து. வெறும் வலிக்காக மட்டும் அறுவைக்கு அவசரப்பட வேண்டாம் என்பதும் எங்கள் கருத்துதான். முதலாவதைக் கேட்டு அஞ்சுவோரும், இரண்டாவதைக் கேட்டு ஏமாற்றமடைவோரும் எங்களிடம் சம எண்ணிக்கையில் வருகிறார்கள்.

அறுவைக்குப் பிறகு அவருடைய பாதம் உடனே எழவில்லை. வெறும் அழுத்தத்தால் செய்தி தடைப்பட்டிருந்த இழைகள் சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். உள்ளிழையே அறுந்துபோனவை, வேரிலிருந்து மீண்டும் வளர்ந்து வர வேண்டும். நரம்பு வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கீழ்முதுகிலிருந்து முன்னங்கால் தசை வரை எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்தால், மாதக்கணக்கில் பொறுமை ஏன் தேவை என்பது விளங்கும். அந்த இடைக்காலத்தில் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கியை அவர் ஷூவுக்குள் அணிந்தார். தொங்கும் பாதத்தை அப்படியே விட்டுவிட்டால் குதிகால் தசைநார் சுருங்கி இறுகிவிடும். பின்னர் நரம்பு மீண்டாலும் பாதம் நிமிராது. தினமும் காலை நீட்டி அமர்ந்து, ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டித் தன்பக்கம் இழுக்கும் பயிற்சி இதற்காகத்தான். தாங்கியைக் கழற்றியவுடன் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய மனைவியின் பொறுப்பாக இருந்தது. மரத்த தோல் தானாகப் புகார் செய்யாது அல்லவா?

கேட்கத் தயங்கும் கேள்வி

ஒரு நிலையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய தட்டுத் துண்டு ஒன்று முதுகெலும்புக் குழாயின் நடுவில் விழுந்து, அங்குள்ள நரம்புக் கற்றை முழுவதையும் நசுக்கிவிடுவது அரிதாக நிகழ்கிறது. அப்போது இரு கால்களிலும் வலியோ மரப்போ வரும். சைக்கிள் இருக்கையில் படும் இடம் முழுவதும், அதாவது பிறப்புறுப்பு, மலவாய், உள்தொடை ஆகியவை மரத்துப்போகும். சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வே குறையும். அல்லது முக்கினாலும் வராது. அல்லது அறியாமல் கசியும். கழுவும்போது கை பட்டது தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அதுவே போதுமான எச்சரிக்கை.

இவற்றைச் சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். குறிப்பாக மகனோடோ மருமகளோடோ வரும் முதியோர் வாய் திறப்பதில்லை. "மலச்சிக்கல்தான், வயசாச்சு" என்று கடந்துவிடுவார்கள். ஆகவே துணையாக இருக்கும் கணவரோ மனைவியோ தனிமையில் இதைக் கேட்டுவிட வேண்டும். மேற்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம். வெளிநோயாளர் சீட்டுக்கு வரிசையில் நிற்கவும் வேண்டாம். இரவானாலும் 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். இங்கு கணக்கு மணிகளில்தான். இழந்த சிறுநீர்க் கட்டுப்பாடு தாமதித்தால் திரும்பாமலே போகலாம்.

பாதத்தில் வலித்தாலே சயாட்டிகாவா?

எதிர்த் திசையிலும் தவறு நேர்கிறது. பாதத்தில் வலி வந்தவுடன் எம்.ஆர்.ஐ. எடுத்து, அதில் 'டிஸ்க் பல்ஜ்' என்ற சொல்லைக் கண்டு, முதுகுக்கே மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றுவிட்டு வருவோர் பலர். முதுகு வலியே இல்லாத மனிதர்களின் ஸ்கேன் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியானது. வலி எதுவும் இல்லாத 50 வயதினரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குத் தட்டு சற்றே பிதுங்கியிருந்தது. 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கு. தலை நரைப்பது போன்ற மாற்றம் அது. ஸ்கேனில் தெரிவதும் பாதத்தில் தெரிவதும் ஒரே வேரைச் சுட்டினால்தான் இரண்டையும் இணைத்துப் பேச முடியும்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி தைத்தது போல் வலித்து, பத்து அடி நடந்ததும் குறைந்தால், அது பெரும்பாலும் உள்ளங்காலின் தசைநார்ப் பட்டையில் ஏற்படும் தொல்லை. அம்பத்தூர், ஆவடித் தொழிற்சாலைகளில் சிமெண்ட் தரையில் எட்டு மணி நேரம் நிற்போரிடமும், வீட்டில் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடக்கும் பெண்களிடமும் இதை மிகுதியாகக் காண்கிறோம். முதுகுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரு பாதங்களிலும் ஒரே அளவில் எரிச்சல், இரவில் கூடுதல், போர்வை பட்டாலே வேதனை என்றால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்ற இடத்திலேயே நின்றால் ஓரிரு நிமிடங்களில் விட்டுப்போவது இரத்தக் குழாய் அடைப்பின் இயல்பு. முதுகெலும்புக் குழாய் குறுகியவருக்கோ நின்றால் மட்டும் போதாது. உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். சந்தையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நெடுந்தூரம் நடப்பார். கைவீசி நிமிர்ந்து நடந்தால் நூறடியில் நின்றுவிடுவார்.

பாதம் தொங்கிப்போவதற்கும் முதுகு மட்டுமே காரணம் அன்று. முழங்காலின் வெளிப்புறச் சிற்றெலும்பைச் சுற்றி ஒரு கிளை செல்கிறது என்று முன்பு சொன்னோம். அங்கு நரம்புக்கும் வெளியுலகுக்கும் இடையில் தோல் மட்டுமே காவல். நெடுநேரம் சப்பணமிட்டு அமர்தல், குந்தி அமர்ந்து வேலை செய்தல், இறுக்கமான மாவுக்கட்டு, நோயால் விரைவாக உடல் மெலிதல் ஆகிய ஒவ்வொன்றும் அந்த இடத்தில் நரம்பை நசுக்கப் போதுமானது. நோயாளி கால்மேல் கால் போடும் பழக்கமுள்ளவரா என்று நாங்கள் கேட்பது பண்பாட்டு விசாரணை அன்று! பாதத்தை உள்நோக்கித் திருப்பும் வலிமை குறையாமல் இருந்தால் பழுது முழங்காலில். அதுவும் குறைந்திருந்தால் பழுது மேலே, முதுகுப் பக்கத்தில் என்று பெரும்பாலும் கணிக்கலாம். பிட்டத்தில் தவறான இடத்தில் போடப்படும் ஊசியும் சயாட்டிக் நரம்பைத் தாக்கக்கூடும். கால் வலிக்கு 'ஒரு ஊசி போட்டு விடுங்க' என்று கேட்டு வாங்குவதில் இந்த ஆபத்தும் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் மறக்கக் கூடாத மற்றொரு காரணம் தொழுநோய். வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல், அதனோடு முழங்காலின் வெளிப்புறத்தில் கயிறுபோல் தடித்த நரம்பு, தொங்கும் பாதம் ஆகியவை சேர்ந்திருந்தால் ஸ்கேனுக்கு முன் தோல் மருத்துவரைக் காண வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்கான கூட்டு மருந்து இலவசம்; முழுமையாகக் குணமாகும்.

வேலூரில் கற்ற பாடம்

மரத்த பாதத்தை எவ்வாறு காப்பது என்ற அறிவில் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டிலிருந்தே உலகுக்குச் சென்றது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் அழுகி உதிர்கின்றன என்று அந்நாளில் மருத்துவர்களே நம்பினர். அவரும் அவருடைய குழுவினரும் கூர்ந்து கவனித்தபோது, அந்தச் சதை மற்றவர்களுடைய சதையைப் போலவே ஆறும் தன்மை உடையது என்பது தெரிந்தது. வலி இல்லாததால் நோயாளி காயத்தின் மீதே மீண்டும் மீண்டும் நடந்தார். அதுவே பாதத்தை அழித்தது. புண்பட்ட பாதத்தை மாவுக்கட்டுக்குள் வைத்து ஓய்வு கொடுத்தபோது புண் ஆறியது.

தொங்கும் பாதத்துக்கு, நல்ல நிலையிலுள்ள ஒரு தசைநாரை முன்பக்கம் மாற்றிப் பொருத்தும் அறுவை முறை வேலூரிலும் அதன் அருகிலுள்ள கரிகிரி மையத்திலும் ஏராளமானோரை மீண்டும் நடக்க வைத்தது. நரம்பு மீளவே மீளாத நிலையில் அந்த வழி இன்றும் பயன்படுகிறது. எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் செருப்பும் அந்தப் பணியோடு வளர்ந்ததே. இன்று நீரிழிவு நோயாளிகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் அதே செருப்பு.

இதை ஏன் சயாட்டிகா கட்டுரையில் சொல்கிறோம் என்றால், நாங்கள் காணும் நோயாளிகளில் பலருக்குத் தட்டுப் பிதுக்கமும் சர்க்கரை நோயும் சேர்ந்தே இருக்கின்றன. முதுகிலிருந்து வரும் மரப்பு ஒரு பக்கம். சர்க்கரையால் வரும் மரப்பு இரு பக்கம். ஒன்றன் மேல் ஒன்று படியும்போது பாதத்துக்குக் காவலே இல்லாமல் போகிறது. இத்தகையோருக்கு நேரும் தீங்குகளில் கணிசமானவை அன்பினால் நேர்பவை என்பதுதான் வருத்தம். கால் வலிக்கிறது என்றதும் வீட்டார் சுடுநீர்ப் பையால் ஒத்தடம் கொடுக்கிறார்கள். "இன்னும் சூடா வைக்கட்டுமா அப்பா?" என்றால், உணர்ச்சி குறைந்தவர் "வைம்மா" என்கிறார். மறுநாள் கெண்டைக்காலில் கொப்புளம். ஒத்தடம் தேவையென்றால் இடுப்புக்குக் கொடுங்கள். மரத்த காலுக்குக் கொடுக்காதீர்கள். சூட்டை நோயாளியிடம் கேட்காமல் கொடுப்பவர் தம் முழங்கையால் சோதிக்க வேண்டும். கொதிக்கும் மணல், செங்கல், உப்பு மூட்டை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சித்திரை, வைகாசியில் கோயில் பிரகாரக் கல்லும் அவ்வாறே சுடும். திருவேற்காடு கருமாரியம்மனைத் தரிசிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விடியற்காலையில் செல்லலாம்; தடித்த காலுறை அணியலாம்; நண்பகலில் வெறுங்காலோடு வலம் வருவதை மட்டும் தவிர்க்கலாம். பொருட்காட்சிகளில் விற்கப்படும், முட்கள் துருத்திய அக்குபிரஷர் செருப்பைச் சயாட்டிகாவுக்கென்று பிள்ளைகள் ஆசையோடு வாங்கித் தருகிறார்கள். உணர்ச்சியுள்ள பாதத்துக்கு அது வெறும் செலவு. மரத்த பாதத்துக்குப் புண். தட்டைப் பாதம்தான் சயாட்டிகாவுக்குக் காரணம், உள்ளிடும் அட்டையால் சரியாகிவிடும் என்ற பேச்சையும் நாங்கள் ஏற்பதில்லை. தட்டைப் பாதம் நரம்பு வேரை அழுத்துவதில்லை. நொண்டி நடப்பதால் இடுப்பும் முதுகும் களைத்துக் கூடுதலாக வலிப்பது உண்மை; அந்த அளவுக்கு நல்ல காலணி உதவும்.

வீட்டில் இருக்கும் நாட்களில்

முழு நேரப் படுக்கை வேண்டாம். முதல் ஓரிரு நாட்கள் வலி மிகுந்திருக்கும்போது படுக்கலாம். அதற்குமேல் படுத்தே கிடப்பது குணத்தை விரைவுபடுத்துவதில்லை. சிறிது தூரம், அடிக்கடி நடப்பதே நல்லது. நடப்பதைவிட நெடுநேரம் உட்கார்வதும், குனிந்து தூக்குவதும், பள்ளம் மேடான சாலையில் இரு சக்கர வாகனத்தில் செல்வதும்தான் பலருக்கு வலியைக் கூட்டுகின்றன. வானகரம் மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்குவோரிடம் "தூக்காதீர்கள்" என்று சொல்வது எளிது. அன்றாடக் கூலி நின்றுபோகும் வீட்டில் அது நடக்காது. ஆகவே பெட்டியை உடலோடு அணைத்து, முழங்காலை மடக்கி, இருவராகத் தூக்கக் கற்றுக் கொடுக்கிறோம். தண்ணீர் கேனைக் கவிழ்க்காமல், தரையிலேயே வைத்து கைப்பம்பு பொருத்திக்கொள்ளச் சொல்கிறோம்.

நரம்பு வலிக்கென எழுதப்படும் பிரிகாபலின் மாத்திரையைப் பலர் தாமாகவே ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள். 2017-இல் ஆஸ்திரேலியாவில் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது கூடுதல் பயன் தரவில்லை. தலைசுற்றல் மட்டும் கூடியது. சர்க்கரையால் வரும் எரிச்சலுக்கு அது உதவலாம். திடீரென நிறுத்தவும் கூடாது; உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். மருத்துவமனைக்கு வர இயலாத முதியோருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் பாதத்தின் அடிப்பகுதியையும் விரலிடுக்குகளையும் பார்த்துவிடுங்கள். குனிய முடியாதவருக்கு வீட்டிலுள்ள இளையோர் பார்க்கலாம். அல்லது தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். தளர்ந்த பாதத்துக்கு ரப்பர் வார் செருப்பு ஆகாது. பின்பக்கம் பட்டை உள்ள, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் காலணியே ஏற்றது.

எங்களிடம் வரும் நாளில் பலர் புதுச் செருப்பு அணிந்து வருகிறார்கள். தயவுசெய்து தினமும் போடும் பழைய செருப்பையே அணிந்து வாருங்கள். பாதம் தொங்கத் தொடங்கியவரின் செருப்பு நுனியில் மட்டும், அதுவும் ஒரு காலில் மட்டும், தேய்ந்திருக்கும். அந்த லேத் தொழிலாளியின் வலது செருப்பு அப்படித்தான் இருந்தது. முதல் வருகையின்போது அவரும் புதிய செருப்புதான் அணிந்து வந்திருந்தார்.